டூட்டி மாறும் நேரத்தில் யார் பேசலாம்? மனநல வார்டுச் செவிலியர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனநல வார்டில் வேலை பார்க்கிற செவிலியர்கள் சிலர் ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம். அதற்குப் பெயரோ பதிவோ கிடையாது. அரசு வேலையில் இருப்பவர்கள், தனியார் மருத்துவமனையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், நர்சிங் படிக்கிற பிள்ளைகள் என்று பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், இருபத்து சொச்சம் வருட வேலையிலிருந்து நான் சொல்லும் பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

அக்கா, மனநல வார்டில் போஸ்டிங் போட்டிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

பயத்தை மறைக்க வேண்டாம். சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள், முதல் வாரம் உங்களைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்வார். கதவை மறித்து நிற்காதீர்கள். உங்களுக்கும் வழி வேண்டும், அவருக்கும் வழி வேண்டும். படுத்திருப்பவரின் தலைமாட்டில் நின்று குனிந்து பேசாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிற்றைச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுங்கள். மனநோய் உள்ளவர்கள் பிறரை அடிப்பதைவிட பிறரிடம் அடி வாங்குவதுதான் அதிகம். ஒரு மாதம் வேலை பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

'மனநலச் செவிலியர்' என்று சொல்லிக்கொள்ளத் தனிப் படிப்பு வேண்டுமா?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது நர்சிங்கிலோ மனநல நர்சிங்கிலோ பட்டயம் அல்லது பட்டம் பெற்று, மாநில கவுன்சிலில் பதிவு செய்தவரை அது மனநலச் செவிலியர் என்கிறது. மாநில மனநல ஆணையத்தில் குறைந்தது 15 வருட அனுபவமுள்ள மனநலச் செவிலியர் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் நமக்கு நாற்காலி போட்டிருக்கிறது. ஆனால் வார்டு மீட்டிங்கில் இன்னும் சுவரோரமாகத்தான் நிற்கிறோம். அதை மாற்ற வேண்டியவர்கள் நாம்தான்.

எல்லா நோயாளியையும் ஒரே மாதிரி நடத்தினால் போதாதா? இதில் தனியாக என்ன இருக்கிறது?

போதாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நோயாளி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. ஒரு நாள் ராத்திரி போலீஸார் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வந்தார்கள். பேர் கேட்டோம், ஊர் கேட்டோம், பதில் இல்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. இரண்டு கையையும் வேகமாக வீசினார். 'ஒத்துழைக்கவில்லை, ஆவேசமாக இருக்கிறார்' என்று கேஸ்ஷீட்டில் நான்தான் எழுதினேன். கையைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். ஊசி போட்டேன். எல்லாருக்கும் செய்வதைத்தான் அவருக்கும் செய்தேன்.

மூன்றாம் நாள் காலை வார்டு கூட்டிக்கொண்டிருந்த அம்மா என்னிடம் மெதுவாக வந்தார். "சிஸ்டர், அந்தத் தம்பிக்குக் காது கேக்காதுன்னு நெனக்கேன். எவர்சில்வர் தட்டு கீழ விழுந்து வார்டே திரும்பிப் பாத்துச்சு, அவன் திரும்பலியே. எந்தம்பியும் இப்படித்தான் கையை ஆட்டுவான்" என்றார்.

கட்டை அவிழ்த்தோம். பாளையங்கோட்டையில் செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. அங்கே படித்து வளர்ந்த ஒருவர் வந்து, அரை மணி நேரம் கையாலேயே அவரோடு பேசினார். பணத்தைத் தொலைத்துவிட்டு ஊருக்குப் போக வழி தெரியாமல் நின்றிருக்கிறார். அவருக்கு வாய் கைதான். அந்தக் கையைத்தான் நாங்கள் இரண்டு நாள் கட்டி வைத்திருந்தோம்.

நான் எழுதிய வரி இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது. அதைவிட உறுத்துவது வேறொன்று. அந்த அம்மாவுக்கு முதல் நாளே சந்தேகம் வந்திருக்கிறது. "டாக்டர், சிஸ்டர் பேசுற எடத்துல நான் என்ன சொல்ல?" என்று பேசாமல் இருந்துவிட்டார். டூட்டி மாறும்போது நாங்கள் வட்டமாக நின்று பேசுவோம். அந்த வட்டத்தில் அவருக்கு இடம் இல்லை. இடம் இருந்திருந்தால் ஒரு மனிதர் இரண்டு நாள் கட்டுண்டு கிடந்திருக்க மாட்டார். நோயாளியை அரவணைப்பது பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் வார்டில் டூட்டி மாறும் நேரத்தில் யார் யார் பேசலாம்?

கட்டிப் போடவே கூடாதா? ஆள் பற்றாக்குறையில் வேறு என்ன செய்வது?

சட்டத்தின் 97ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. அவருக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து இருந்து, அதைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் கட்டலாம். காரணத்தையும் நேரத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை கட்டும்போதும் 24 மணி நேரத்துக்குள் அவர் நியமித்த பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் இல்லை என்பதற்காகவும் கட்டக் கூடாது; சட்டத்தில் அப்படியே இருக்கிறது. தனி அறையில் போட்டுப் பூட்டக் கூடாது. சங்கிலி எந்த நிலையிலும் கிடையாது.

ஆள் இல்லாதது உண்மை. அதை எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு. நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

வீட்டிலும் தெருவிலும் 'கோட்டி' என்கிறார்கள். நாம் எப்படிப் பேசுவது?

பைத்தியம் என்பதற்கு நம்ம ஊர்ச் சொல் அது. பிள்ளையைச் செல்லமாகத் திட்டவும் அதுதான், ஒருவரை வாழ்நாளெல்லாம் தள்ளி வைக்கவும் அதுதான். நோயாளியின் அம்மா "எம்மவனுக்குக் கோட்டி புடிச்சிருக்கு தாயி" என்று அழும்போது அவர் சொல்லைத் திருத்த வேண்டாம். நாம் பதில் சொல்லும்போது "தம்பிக்கு எப்போலிருந்து தூக்கம் கெட்டுது?" என்று கேளுங்கள். பத்து நிமிஷத்தில் அவரும் தூக்கம், பயம், சாப்பாடு என்று பேச ஆரம்பித்துவிடுவார்.

நம் டூட்டி அறைக்குள் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். 'அந்த மெண்டல்', 'ஏழாம் நம்பர் வயலண்ட் கேஸ்' என்று யாரும் பேசக் கூடாது. பேர் இருக்கிறது, பேரைச் சொல்லுங்கள். அப்புறம், தன் கவலையை 'வெசனம்' என்று ஒரு பாட்டி சொன்னால் உடனே 'மனச்சோர்வு' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். 'வெசனமாக இருக்கிறது என்கிறார்' என்று அவர் சொல்லையே முதலில் எழுதுங்கள். எதற்கு வெசனம் என்ற கேள்வி அதிலிருந்துதான் வரும்.

சாமி வந்து ஆடுகிறவரை நோயாளி என்று கூட்டி வந்தால்?

நெல்லைச் சீமையில் இந்தக் கேள்வி வராத வருஷமே இல்லை. சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் சாமியாடுகிற ஒருவரை வெளியூரில் படித்துவிட்டு வந்த மகன் பதறிப்போய்க் கூட்டி வருவான். நான் கேட்பது இதுதான். கொட்டுச் சத்தத்தோடு சாமி வந்து, கொடை முடிந்ததும் இறங்கிவிடுகிறதா? ஊரில் அவரைச் சாமியாடி என்று ஏற்றிருக்கிறார்களா? மறுநாள் வயலுக்கோ கடைக்கோ போய்விடுகிறாரா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அது அவருடைய வழிபாடு. ஊர் வழக்கத்துக்கோ நம் நம்பிக்கைக்கோ ஒத்துவரவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

கொடை இல்லாத நாளிலும் குரல் கேட்கிறது, வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்கிறார் என்றால் கதை வேறு. உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ கூட்டிப் போகிறோம் என்று குடும்பம் சொன்னால் முகத்தைச் சுளிக்க வேண்டாம். "போயிட்டு வாங்க, மாத்திரையையும் கையில வச்சுக்கோங்க" என்று சொல்லிக் கொடுத்தனுப்புங்கள். சங்கிலி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த காப்பகத் தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. தென்மாவட்டங்களில் வேலை பார்க்கிற ஒவ்வொரு செவிலியரும் அந்தத் தேதியை நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னாளில் ஏர்வாடித் தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவம் கொடுக்கவும் ஏற்பாடு வந்தது. பிரார்த்தனையும் மாத்திரையும் ஒன்றாகப் போக முடியும் என்று நான் தைரியமாகச் சொல்வது அதனால்தான்.

வார்டுக்குள் சாதி வருமா?

வரும். வராது என்று சொல்கிறவர் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நம்ம பக்கத்தில் "எந்த ஊரு?" என்பது முதல் கேள்வி. "ஊர்ல எந்தத் தெரு?" என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்வியின் அர்த்தம் கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அட்மிஷன் போடும்போது முகவரிக்கு அப்பால் தெருவைப் பற்றிப் பேச்சை இழுக்காதீர்கள். நோயாளிக்குத் துணைக்கு இருக்கிறவர் "அந்த சிஸ்டர் யாரு ஆளுக?" என்று கேட்டால், "எங்க வார்டு சிஸ்டர்" என்பதுதான் பதில். அந்த நர்ஸ் ஊசி போட வேண்டாம், அந்த அம்மா கொடுக்கிற சாப்பாடு வேண்டாம் என்று ஒரு நோயாளி சொன்னால் ஆளை மாற்றி விடாதீர்கள். சண்டையும் போடாதீர்கள். மூத்த சிஸ்டர் ஒருவர் போய், இங்கே இவர்தான் பார்ப்பார் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அந்த நர்ஸோடு கூடவே நிற்க வேண்டும். புதிதாக வந்த பிள்ளை அந்த அவமானத்தைத் தனியாகத் தாங்கக் கூடாது.

நோயைக் கணிப்பதிலும் இது வரும். 'என்னை வெட்ட வாராங்க' என்று பதினெட்டு வயதுப் பையன் நடுங்குகிறான். பாடப்புத்தகம் சந்தேக எண்ணம் என்று சொல்லும். இந்த மாவட்டத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன் சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன் பிறகுதான் பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்ல, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. அதனால் நான் முதலில் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஊரில் ஏதாவது தகராறா என்று கேட்பேன். நிஜமான பயத்தை நோய் என்று எழுதினால் அவன் இரண்டு தரம் அடி வாங்குகிறான். நிஜமான பயமும் நோயும் ஒரே பையனிடம் சேர்ந்தும் இருக்கலாம். அப்போது இரண்டையும் எழுதுங்கள். போலீஸ் பாதுகாப்பு தேவையா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

லித்தியம் சாப்பிடுகிறவர் நோன்பு வைக்கலாமா?

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கிற மாத்திரை லித்தியம். மேலப்பாளையத்து முஸ்லிம் குடும்பங்கள் இதை வருஷா வருஷம் கேட்பார்கள். பல நர்ஸ்கள் "நோன்பு வைக்காதீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அவர்களும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நோன்பை வைத்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் பெரிய ஆபத்து.

ரமலானுக்கு ஒரு மாதம் முன்னாலேயே நாமாகக் கேட்க வேண்டும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும், நம்ம ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம் ஏறும். மாத்திரையை ராத்திரி ஒரே வேளையாக மாற்றலாமா, ரத்தப் பரிசோதனை எப்போது என்று டாக்டர் முடிவு செய்வார். நோன்பு திறந்ததிலிருந்து சஹர் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) வரை நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். கை நடுக்கம் கூடினாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அவருக்கு நோன்பு ஒத்துவராது என்று டாக்டர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பதை அவர்கள் ஊர் மார்க்க அறிஞரான ஆலிம் சொன்னால் மனசு ஏற்கும். நாம் சொன்னால் ஏற்காது.

நோன்பு மட்டுமல்ல, பிழைப்பையும் பார்க்க வேண்டும். முக்கூடலில் பீடி சுற்றுகிற பெண்ணுக்கு ஓபி வரும் நாள் என்றால் கூலி போன நாள். காரையாற்றுக்கு மேலே மலையில் இருக்கிற காணிப் பழங்குடி மக்களுக்குக் கீழே இறங்கி வருவதே ஒரு நாள் வேலை. 'சொன்ன தேதிக்கு வரவில்லை' என்று எழுதும் முன் அந்தத் தேதியை யார் வசதிக்குக் கொடுத்தோம் என்று பாருங்கள்.

திருநங்கை ஒருவர் அட்மிட் ஆனால் எந்தப் பக்கம் படுக்கை?

அவரிடமே கேளுங்கள். என்ன பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றும் கேளுங்கள். அட்டையில் வேறு பேர் இருந்தால் அது பதிவுக்கு, வாயால் கூப்பிடுவது அவர் சொன்ன பேர்.

"இவனை மாத்திக் குடுங்க" என்று ஒரு குடும்பம் தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளையையோ திருநர் பிள்ளையையோ கூட்டி வந்தால், மாற்றுவதற்கு நோய் எதுவும் இல்லை என்பதுதான் பதில். இப்படி 'மாற்றும்' சிகிச்சையைத் தடை செய்ய வேண்டும் என்று 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். அதைச் செய்யும் மருத்துவர் தொழில் ஒழுக்கம் மீறியவர் என்று 2022ல் தேசிய மருத்துவ ஆணையமும் அறிவித்தது. வீட்டுக்குள் அடிபட்டு அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் கெட்டிருக்கும், சாகத் தோன்றியிருக்கும். நாம் பார்க்க வேண்டியது அதைத்தான்.

2019 டிசம்பரில் தமிழக அரசுப் பணியில் சேர்ந்த முதல் திருநங்கை செவிலியர் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தவர். உங்கள் டூட்டி அறைக்கு நாளை அப்படி ஒருவர் வந்தால் நாற்காலி இருக்குமா?

தற்கொலைக்கு முயன்று வந்தவர் மேல் போலீஸ் கேஸ் வருமா?

அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. இதைக் குடும்பத்தாரிடம் முதல் மணி நேரத்திலேயே சொல்லுங்கள். கேஸுக்குப் பயந்து பாதியில் கூட்டிப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் ஆண் செவிலியர். யாரையாவது பிடித்து அமுக்க வேண்டும் என்றால் மட்டும் "பிரதர், வாங்க" என்கிறார்கள். இதற்கு என்ன செய்வது?

தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. உங்கள் கையை மட்டும் கூப்பிட்டுவிட்டு உங்கள் படிப்பை வெளியே நிறுத்துகிறோம். நோயாளிகளுக்கும் உங்களைப் பார்த்தாலே பயம் வந்துவிடுகிறது. சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டு, தினமும் இரண்டு பேரோடு உட்கார்ந்து பேசும் வேலையை உங்கள் பேரில் போடச் சொல்லுங்கள்.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்ஆர்பி) வழியாக வந்து தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிற நர்ஸ்களுக்கும் இதே கதைதான். அதே நைட் டூட்டி, அதே ஊசி, சம்பளம் வேறு. மீட்டிங்கில் வாயைத் திறந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. நிரந்தரப் பணியில் இருக்கிறவர்கள் முதலில் பேச வேண்டும். எங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது.

எனக்கே மனசு சரியில்லை. வெளியே தெரிந்தால் நர்ஸாக இருக்க முடியுமா?

முடியும். எங்களோடு வேலை பார்த்த ஒருவர் லித்தியம் மாத்திரையைப் பல வருஷம் டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒளித்து எடுத்து வந்தார். தொடர்ந்து நைட் டூட்டி பார்த்துத் தூக்கம் கெட்டால் அவருக்கு நோய் திரும்பும். ஆனாலும் நைட் வேண்டாம் என்று கேட்க வாய் வரவில்லை. கடைசியில் ஒரு நாள் எங்கள் மாடியில்தான் சொன்னார். அந்த வாரமே நாலு பேர் அவருடைய நைட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டோம், அவர் எங்கள் பகல் டூட்டிகளை எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் வேலை பார்க்கிறார். நோயாளியிடம் அவர் அளவுக்குப் பொறுமையாகப் பேசுகிறவரை நான் பார்த்ததில்லை.

அரசுப் பணியில் இருக்கும்போது மாற்றுத்திறன் ஏற்பட்டவரை அதற்காக நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. மனநோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரிடம் பேசுவது என்று தெரியவில்லையென்றால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

எங்கள் ஊரிலும் இப்படிக் கூட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது?

மூன்று பேர் போதும். அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ யார் வீட்டிலாவது, ஒரு கேன் டீயும் கொஞ்சம் முறுக்கும் வைத்து ஆரம்பியுங்கள். நோயாளியின் பேர், ஊர், அடையாளம் எதையும் சொல்லாமல் ஒருவர் ஒரு சம்பவத்தை மட்டும் கொண்டு வர வேண்டும். பெரும்பாலும் தான் தப்பு செய்த சம்பவமாக இருந்தால் நல்லது. கேட்கிறவர்கள் பத்து நிமிஷத்துக்குப் புத்தி சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். இது கஷ்டம், எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை. பேசியதை மறுநாள் வார்டில் யாரும் எடுக்கக் கூடாது. வயதில் சின்னவர் முதலில் பேச வேண்டும். மூத்தவர் ஆரம்பித்தால் சின்னவர்கள் "ஆமா அக்கா" என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

வார்டு கூட்டுகிறவர்களையும் கூப்பிடுங்கள். முதலில் வர மாட்டார்கள். வந்தாலும் கீழே உட்காருவார்கள். அப்படியென்றால் எல்லாரும் கீழே உட்காருங்கள்.

குணமாகிப் போனவரைக் கடைத்தெருவில் பார்த்தால் பேசலாமா?

நாமாகப் பேசக் கூடாது. "சிஸ்டரை உனக்கு எப்படித் தெரியும்?" என்று கூட வருகிறவர் கேட்டால் அவர் என்ன சொல்வார்? அவருடைய ரகசியம் வார்டு வாசலோடு முடிந்துவிடவில்லை.

ஒரு வருஷம் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டக் கூட்டத்தில், நான் இரண்டு மாதம் பார்த்துக்கொண்ட ஒரு பெண் மாமியார் வீட்டு ஆட்களோடு நேருக்கு நேர் வந்தாள். கண்ணைப் பார்த்தாள், உடனே தேரைப் பார்த்தாள். நானும் தேரைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ஆறேழு மாதம் கழித்துப் பாளை மார்க்கெட்டில் பூக்கடை வாசலில் பின்னாலிருந்து ஒரு குரல். "அன்னைக்கு நல்லா இருக்கீகளான்னு கேக்க முடியல சிஸ்டர். நல்லா இருக்கீகளா?"